பேசும் நாற்காலியா, பார்க்கும் நாற்காலியா? கால்நடை மருத்துவர் எந்தக் குழுவில் உட்காரலாம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, நாமக்கல் கல்லூரியில் எனக்கு ரொம்பப் பின்னால் படித்த ஒரு டாக்டர் பெண் போன் செய்தாள். ஊரில் சொந்தமாக க்ளினிக் போட்டு நான்கு வருஷம் ஆகிறது.

“மேடம், ரெண்டு இடத்துல கூப்பிடுறாங்க. நகராட்சியில நாய் கமிட்டி, கலெக்டர் ஆபீஸ்ல எஸ்.பி.சி.ஏ. ரெண்டுலயும் பைசா கிடையாது. எதுக்குப் போகட்டும்?”

எதுக்கும் போகாதே, அந்த நேரத்தில் தூங்கு என்றுதான் முதலில் வாயில் வந்தது. மூன்று வருஷம் எஸ்.பி.சி.ஏ. என்கிற மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்திலும், அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் தெருநாய்க் கருத்தடையைப் பார்க்கிற ஒரு நகராட்சியின் கண்காணிப்புக் குழுவிலும் உட்கார்ந்தவள் நான். பதினோரு மணிக் கூட்டம் பன்னிரண்டே காலுக்குத் தொடங்கும். டீயும் மிக்சரும் மட்டும் நேரத்துக்கு வந்துவிடும். ஆனாலும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. அரை மணி நேரம் பேசினேன். பிறகு இதே கேள்வியை இன்னும் இரண்டு பேர் கேட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில், இந்த நாற்காலிகள் ஏன் காலியாக இருக்கின்றன என்பது தெரிய வேண்டும். மாடு, ஆடு, நாய் என்றால் கால்நடை பராமரிப்புத் துறை பார்த்துக்கொள்ளும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அந்தத் துறைக்குப் பாலும் முட்டையும் ஆடும் கோழியும்தான் பிரதான வேலை. கோமாரித் தடுப்பூசிச் சுற்று வந்துவிட்டால் கால்நடை உதவி மருத்துவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. தெருவில் திரியும் நாய் யாருடைய பொறுப்பு என்றால், நகராட்சியுடையது. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு விடக்கூடிய 18 வேலைகளில் 15ஆவதாக இருப்பது ‘கால்நடைப் பட்டிகள், பிராணிகள் வதைத் தடுப்பு’. சென்னை மாநகராட்சிக்கு சொந்தமாகக் கால்நடைப் பிரிவு இருக்கிறது. சின்ன நகராட்சிகளில் சுகாதார ஆய்வாளர் இருப்பார், தூய்மைப் பணி மேற்பார்வையாளர் இருப்பார். கால்நடை மருத்துவர் பெரும்பாலும் இருக்க மாட்டார். கொசு மருந்து அடிக்க ஆள் அனுப்புகிற அதே மேசையில்தான் நாய்க்குக் கருத்தடை அறுவை செய்யும் ஒப்பந்தமும் கையெழுத்தாகிறது. அந்த மேசையில் தையல் போடத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்தால் நல்லது என்று விதி எழுதியவர்களும் நினைத்திருக்கிறார்கள்.

நகராட்சிக் குழு

2001இல் வந்த நாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளை மாற்றி, 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு புதிய விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. ஒன்றியம், மாநிலம், உள்ளாட்சி என்று மூன்று மட்டத்தில் கண்காணிப்புக் குழு வேண்டும் என்கிறது அது. உள்ளாட்சி மட்டத்தில் ஆணையர் தலைவர். பொது சுகாதாரப் பிரிவு, கால்நடைத் துறை, மாவட்ட எஸ்.பி.சி.ஏ., விலங்கு நல அமைப்புகள் என்று ஆட்கள் வருவார்கள். தனியார் க்ளினிக் வைத்திருக்கும் டாக்டர் பெரும்பாலும் ஏதாவது ஓர் அமைப்பின் பிரதிநிதியாகவோ சிறப்பு அழைப்பாளராகவோதான் உள்ளே வருவார்.

இந்தக் குழுவின் உயிர் எங்கே இருக்கிறது என்பது எனக்கு ஏழாவது மாதத்தில்தான் புரிந்தது. அதுவரை கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். வெறிநோய் பற்றிப் பேசினேன், சினை நாயைப் பிடிக்கக் கூடாது என்று பேசினேன். ‘டாக்டர் அம்மா நல்லா சொன்னாங்க’ என்பார் ஆணையர். நடவடிக்கைக் குறிப்பில் ‘உறுப்பினர் ஆலோசனை வழங்கினார்’ என்று ஒரு வரி ஏறும். அடுத்த கூட்டத்தில் அதே வரி.

ஏழாவது மாதம், பட்டியலில் அறுவை எண்ணிக்கை ஒரேயடியாகக் கூடியிருந்தது. அகற்றிய உறுப்புகளை எண்ணித்தான் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்பது இந்தத் திட்டத்தின் அடிப்படை நடைமுறை. கருப்பையும் விதைப்பையும் அழுகாமல் இருக்க ஃபார்மலின் என்ற திரவத்தில் போட்டு வைத்திருக்க வேண்டும். குழு வந்து எண்ணும். எண்ணிய பிறகுதான் அழிக்கலாம். அதற்குப் பிறகுதான் பில். ‘நான் போய் எண்ணிவிட்டு வருகிறேன்’ என்றேன். கூட்டத்தில் ஒரு நொடி சத்தமே இல்லை. இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

அறுவை மையம் ஊருக்கு வெளியே, குப்பைக் கிடங்கை ஒட்டி. பின்பக்கத் தகரக் கொட்டகையில் மூன்று நீலப் பிளாஸ்டிக் டிரம். மூடியைத் திறந்ததும் கண் எரிந்தது, ஆனால் ஃபார்மலின் எரிச்சல் மட்டும் அல்ல. கீழே அழுகல் வாடை. கையுறை போட்டுத் துழாவினேன். மேலே கிடந்தவற்றை எண்ண முடிந்தது. அடியில் இருந்தவை கூழ். எத்தனை கருப்பை, எத்தனை விதை என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது.

நான் திருட்டைப் பிடிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே இருந்த பையன் சொன்னது வேறு. “நாலு லிட்டர் கேன் ஒண்ணு வாங்கித் தருவாங்க மேடம். அதுல தண்ணி கலந்து மூணு டிரம்முக்கும் ஊத்துவேன்.” கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு, திசுவின் கனஅளவைப் போலப் பத்து மடங்கு திரவம். கல்லூரியில் நோய்க்குறியியல் வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது. அங்கே அதை யாரும் அந்தப் பையனிடம் சொல்லவில்லை. டிரம் நிறையத் திசு, மேலே நாலு விரல் திரவம். கணக்கு சரியா தப்பா என்ற கேள்வியே எழ முடியாதபடி எல்லாம் கரைந்து போயிருந்தது.

அடுத்த கூட்டத்தில் நான் வெறிநோய் பற்றிப் பேசவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பை, பையின் மேல் தேதியும் ஆண் இத்தனை பெண் இத்தனை என்ற சீட்டும் பென்சிலில் (பேனா மை ஃபார்மலினில் நிற்காது), மாதம் பத்து லிட்டர் ஃபார்மலின், எண்ணும் நாள் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. நான்கே வரி. ‘ஆலோசனை வழங்கினார்’ என்று எழுத வந்த இளநிலை உதவியாளரிடம், ‘தீர்மானிக்கப்பட்டது என்று போடுங்கள், யார் செய்ய வேண்டும் என்றும் போடுங்கள்’ என்று கேட்டு வாங்கினேன். இரண்டு மாதத்தில் டிரம்மில் எண்ண முடிந்தது. எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது. எவ்வளவு என்று இங்கே சொல்ல மாட்டேன்.

இதனால்தான் நாற்காலிகளை நான் இரண்டு வகையாகப் பிரிக்கிறேன்: பேச விடுகிற நாற்காலி, பார்க்க விடுகிற நாற்காலி. மருத்துவரிடம் இருக்கும் சரக்கு முக்காலும் கண்ணிலும் கையிலும்தான் இருக்கிறது. காயத்தைப் பார்த்தால் தையல் எத்தனை நாள் பழசு என்று தெரியும். கூண்டைப் பார்த்தால் நாளைக்கு எத்தனை நாய்க்குப் பார்வோ என்ற கழிச்சல் நோய் வரும் என்று தெரியும். இதையெல்லாம் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வாயால் சொன்னால் பாதி விலைகூடப் போகாது.

நகராட்சிக் குழுவில் இன்னொரு வேலையும் டாக்டரால்தான் முடியும். நாய் பிடிக்கும் வண்டி எங்கே போகிறது என்று பாருங்கள். கவுன்சிலர் போன் செய்த தெருவுக்குப் போகும். நாளிதழில் செய்தி வந்த தெருவுக்குப் போகும். இன்று இந்த வார்டில் மூன்று, நாளை அந்த வார்டில் நான்கு. ஒரு தெருவில் இருபது நாய் இருந்து மூன்றுக்கு மட்டும் அறுவை ஆனால், மிச்சம் இருக்கும் பெட்டைகள் அறுபத்துச் சொச்சம் நாள் சினையில் அந்தக் கணக்கை ஈடுகட்டிவிடும். வெறிநோய்த் தடுப்பூசியும் அப்படித்தான். ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்குப் போட்டால்தான் நோய்ச் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊர் முழுக்கப் பரப்பித் தூவினால் எங்குமே 70 வராது. ஒரு வார்டை முடித்துவிட்டு அடுத்த வார்டுக்குப் போ என்று சொல்ல ஆள் வேண்டும். ஆணையருக்கு அரசியல் நெருக்கடி. அவர் தானாகச் சொல்ல மாட்டார். ‘மருத்துவ உறுப்பினர் கறாராச் சொல்றாங்க’ என்று சொல்லிக்கொள்ள அவருக்கும் ஒரு சாக்கு தேவை. அந்தச் சாக்காக இருப்பதும் ஒரு சேவைதான். சென்னையில் 2024 கணக்கெடுப்பில் தெருநாய்கள் சுமார் 1.81 லட்சம் என்று வந்தது. அந்த அளவு ஊருக்கு வார்டு வாரியாகப் போவதைத் தவிர வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். திட்டி எழுதுபவர்கள் இரு பக்கமும் இருப்பார்கள். நாயைக் கொல்லாமல் ஏன் வளர்க்கிறாய் என்று ஒரு கூட்டம், நாயை ஏன் தொட்டாய் என்று இன்னொரு கூட்டம். உங்கள் க்ளினிக் பெயர்ப் பலகையில் நம்பர் இருக்கும், மறந்துவிடாதீர்கள். 2025க்குப் பிறகு இந்த நாற்காலியின் சூடும் ஏறியிருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு டெல்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. 22 அன்று மூன்று நீதிபதி அமர்வு அதை மாற்றி, அறுவையும் ஊசியும் முடித்து அதே இடத்தில் விடலாம், வெறிநோய் பிடித்ததையும் மூர்க்கமாகப் பாய்வதையும் மட்டும் விடக் கூடாது என்றது. நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது என்று உத்தரவு. அப்படியென்றால் எங்கே வைப்பது? ஒரு கொட்டகையில் எண்பது நாயை ஒன்றாக அடைத்தால் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய் ஒரே வாரத்தில் வழித்துக்கொண்டு போகும். புதிதாக வருவதைத் தனியே வைக்க இடம், தண்ணீர் வடிய வாட்டம், ஒருவருக்கு எத்தனை கூண்டு என்று கேட்க வேண்டிய இடம் இனி இந்தக் குழுதான். கேட்கிற டாக்டர் இல்லாவிட்டால் பந்தல் போடுகிற ஒப்பந்தக்காரர் முடிவு செய்வார்.

எஸ்.பி.சி.ஏ.

பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் மாவட்டத்துக்கு ஒன்று வேண்டும் என்பது 2001இல் வந்த தனி விதி. தலைவர் நாற்காலியில் நம் ஊர்களில் பெரும்பாலும் ஆட்சியர். நிர்வாகக் குழுவில் விலங்கு நல அமைப்புகளின் பிரதிநிதிகள் இரண்டு பேராவது, சங்கத்தின் பொதுக்குழு தேர்ந்தெடுத்தவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். காப்பகமும் சிகிச்சை இடமும் கட்ட மாநில அரசு நிலம் தர வேண்டும் என்றும் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் நகராட்சிக் குழுவைவிடப் பெரிய நாற்காலி. நாய் மட்டும் இல்லை, வண்டி மாடு, லாரி மாடு, குதிரை, சந்தை ஆடு எல்லாம் இதில் வரும். மாவட்டம் முழுக்கக் கை நீளும். காவல் துறையும் வருவாய்த் துறையும் ஒரே மேசையில்.

என் அனுபவத்தில் இது கூட்டத்தை நம்பி ஓடுகிற அமைப்பு அல்ல, போனை நம்பி ஓடுகிற அமைப்பு. ராத்திரி ஒன்றரை மணிக்கு நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸ் கூப்பிடும். ஒரு தடவை போனேன். கேரளப் பக்கம் போகிற லாரி. 1978 போக்குவரத்து விதிப்படி சரக்கு வண்டி ஒன்றில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. அதில் பத்தொன்பது. மூக்கணாங்கயிறு கம்பியோடு சேர்த்து இறுக்கியிருந்ததால் தலையைத் தாழ்த்தவே முடியாமல் நின்றன. படுத்துவிட்ட ஒன்றின் கண்ணில் மிளகாய் விதை ஒட்டியிருந்தது. எழுந்து நிற்பதற்காகத் தேய்ப்பார்கள். இறக்க ஆள் இல்லை, இறக்கினால் கட்ட இடம் இல்லை, கட்டினால் வைக்கோல் யார் காசு? விடியும்வரை அந்தக் கேள்விதான். நான் பார்த்தது, தொட்டது, சான்று எழுதியது எல்லாம் சரி. அந்தச் சான்று வழக்கில் நிற்கவும் செய்தது. வழக்கு முடிந்தபோது அபராதம்தான்.

ஏன் அவ்வளவுதான் என்பதைப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொண்டு வருவது நல்லது. 1960ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. அச்சுப்பிழை இல்லை, ஐம்பது ரூபாய். சட்டம் வந்த வருஷத்தில் அது பெரிய காசு. இன்று ஒரு டீ, ஒரு வடை, ஒரு பார்க்கிங். விலங்கைக் கொன்றாலோ முடமாக்கினாலோ பாரதிய நியாய சம்ஹிதையின் 325ஆவது பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. அதை நிரூபிக்க உடற்கூறாய்வு அறிக்கை வேண்டும். அங்கேதான் டாக்டர். ‘காயங்கள் காணப்பட்டன’ என்று எழுதினால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். எந்த எலும்பு, எவ்வளவு ஆழம், உயிரோடிருந்தபோது ஏற்பட்டதா செத்த பிறகா என்று எழுதினால் நிற்கும்.

ஆகவே இரண்டும் பார்க்க விடுகிற இடங்கள்தான். நகராட்சிக் குழுவில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தைப் பார்ப்பீர்கள்; மாற்றம் கண்ணுக்குத் தெரியும். எஸ்.பி.சி.ஏ.வில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு துயரம். அடுத்த தடவை வேறு லாரி. எனக்கு மூன்றாவது வருஷம் தூக்கம் போனது. ராத்திரியில் போன் அடித்தால் எடுக்கவே கூடாது என்று வீட்டில் சண்டை. இதை எதிராகச் சொல்லவில்லை. சில பேருக்கு அந்த வேலைதான் ஒத்துவரும். கடற்கரைக் குதிரைகளையே முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு சார் இருக்கிறார், அவரைக் கொண்டுபோய் டிரம் எண்ண வைத்தால் ஒரே மாதத்தில் ஓடிவிடுவார்.

இன்னும் ஒரு வித்தியாசம். ஆட்சியர் மாறினால் எஸ்.பி.சி.ஏ. தூங்கும்; அடுத்தவர் நாய் வளர்ப்பவராக இருந்தால் விழித்துக்கொள்ளும். நகராட்சியில் ஆணையர் மாறினாலும் ஒப்பந்தமும் பில்லும் ஓடிக்கொண்டே இருக்கும். பில் ஓடுகிற இடத்தில் கேள்விக்கும் இடம் உண்டு.

மற்றவை

சோறு போடுகிற சண்டைகளுக்கென்று 2023 விதியின் 20ஆவது விதியில் ஒரு குழு இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டு அம்மா நாய்க்குத் தயிர்சாதம் வைப்பார், சங்கச் செயலாளர் தட்டை எடுத்து எறிவார், விஷயம் காவல் நிலையம் போகும். மாடிப்படி, நுழைவாயில், குழந்தைகள் விளையாடும் இடம் இவற்றை விட்டுத் தள்ளி இடம் குறித்துக் கொடுக்க வேண்டும், நேரமும் குறிக்க வேண்டும். இதில் மருத்துவ அறிவு பத்து சதவீதம், பஞ்சாயத்து பண்ணும் பொறுமை தொண்ணூறு. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள் இதை என்னைவிட நன்றாகச் செய்வார்கள். டாக்டருக்கு இது பேசுகிற நாற்காலி.

விலங்கு நல வாரியம் தருகிற கௌரவப் பிரதிநிதி அட்டை இன்னொன்று. வாரியம் 1962இல் ருக்மணி தேவி அருண்டேல் தலைமையில் சென்னையில் தொடங்கியது, இப்போது தலைமையிடம் ஹரியானாவில். அட்டை கழுத்தில் தொங்கினால் காவல் நிலையத்தில் உட்காரச் சொல்வார்கள், அவ்வளவுதான். சோதனை போடும் அதிகாரமோ பறிமுதல் செய்யும் அதிகாரமோ அதில் இல்லை. அட்டையைக் காட்டி அதட்டப்போய் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

ஆய்வகங்களின் விலங்கு நெறிமுறைக் குழு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நல்ல குழுதான், டாக்டர் கட்டாயம் வேண்டும் என்று விதியே இருக்கிறது, கூட்டத்துக்குப் படியும் சில இடங்களில் உண்டு. ஆனால் அது கல்லூரிக்கும் மருந்துக் கம்பெனிக்கும் உள்ளே நடப்பது. ஊருக்கு வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் இருப்பவர்களுக்கு அது வேறு ஊர்.

எந்தக் குழுவிலும் சேராமல், மாதத்தில் இரண்டு ஞாயிறு ஏதாவது ஒரு மையத்தில் அறுவை செய்து கொடுப்பது கடைசி வழி. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பழகிய கை என்றால் ஒரு நாளில் பத்துப் பதினைந்து நாய். கத்தியைக் கீழே வைத்ததும் வேலை முடிந்தது. நடவடிக்கைக் குறிப்பு கிடையாது, கவுன்சிலர் கிடையாது. படித்து முடித்து ஐந்து வருஷம் ஆகாதவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன். மையத்தில் என்னென்ன தப்பு நடக்கும் என்று கைக்குத் தெரிந்த பிறகு குழுவுக்குப் போனால், கூட்டத்தில் கேட்கிற கேள்வி வேறு மாதிரி இருக்கும். சென்னையிலேயே கதை அப்படித்தான் நடந்தது. 1959இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் அமைப்பு அறுபதுகளிலேயே கருத்தடை செய்து காட்டத் தொடங்கியது. நாயைக் கொல்வதை விட்டு அந்த வழிக்கு மாநகராட்சி வந்தது 1996இல். முப்பது வருஷம் கையால் செய்து காட்டிய பிறகுதான் மேசையில் பேச்சு எடுபட்டது.

உட்காருவதற்கு முன்னால்

இதில் கறாராக இருக்க வேண்டிய ஒரே இடம் காசு. உங்கள் க்ளினிக்கோ, நீங்கள் பகுதி நேரமாக வேலை பார்க்கிற அமைப்போ அந்த நகராட்சியிடம் அறுவை ஒப்பந்தம் வாங்கியிருந்தால், அல்லது வாங்கும் யோசனை இருந்தால், கண்காணிப்புக் குழுவில் உட்காராதீர்கள். இந்த விதிகளில் எனக்குப் பிடிக்காத இடமும் இதுதான். அறுவை செய்கிற அமைப்பே விலங்கு நல அமைப்பு என்ற பெயரில் குழுவிலும் வந்து உட்கார இடம் இருக்கிறது. தன் பில்லைத் தானே சரிபார்க்கிற ஏற்பாடு. சின்ன ஊரில் இருப்பதே ஒரு அமைப்புதான், வேறு யாரைப் போடுவது என்பார்கள். அதற்காகத்தான் வெளியாள் டாக்டர் ஒருவர் தேவைப்படுகிறார். அந்த வெளியாளும் உள்ளாளாகிவிட்டால் குழுவே வேண்டாம்.

அரசுப் பணியில் இருக்கிற டாக்டர்கள் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் தலையாட்டக் கூடாது. நட்பில் போய் உட்கார்ந்துவிட்டுப் பிறகு விளக்கக் கடிதம் எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

வாய்மொழியாகக் கூப்பிட்டால் போகாதீர்கள். ஆணையரின் செயல்முறைகள் என்று ந.க. எண் (கோப்பு எண்) போட்டு ஒரு தாள் வரும்; அதில் உங்கள் பெயரும் குழுவின் பெயரும் இருக்க வேண்டும். அந்தத் தாள் கையில் இல்லாமல் மையத்துக்குப் போனால் வாட்ச்மேனே உள்ளே விட மாட்டார், விடாதது நியாயமும்கூட. கூப்பிடாத ஊரில் இருக்கிறீர்கள் என்றால் நீங்களே எழுதலாம். ஒரு பக்கம் போதும்: கால்நடை மருத்துவ மன்றப் பதிவு எண், எத்தனை வருஷ அனுபவம், மாதம் எத்தனை மணி நேரம் தர முடியும், ஒப்பந்தத் தொடர்பு எதுவும் இல்லை என்ற உறுதி. ‘சமூக சேவையில் ஆர்வம் உள்ளவள்’ என்று ஆரம்பிக்காதீர்கள், அந்த வரியோடு அவர்களுக்குத் தினமும் பத்துக் கடிதம் வரும். ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதத்திலேயே ஒன்றை எழுதிக் கேளுங்கள்: முன்னறிவிப்பு இல்லாமல் மையத்தைப் பார்க்கவும் பதிவேடுகளைப் புரட்டவும் எனக்கு அனுமதி உண்டா? ‘பார்க்கலாம் மேடம், அப்புறம் பேசிக்கலாம்’ என்று பதில் வந்தால் அது பேசுகிற நாற்காலி. போவதும் போகாததும் உங்கள் இஷ்டம்.

வெறிநோய் முன்தடுப்பு ஊசி போட்டிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கே இதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்காதீர்கள். என் வகுப்பில் படித்தவர்களில் பாதிப்பேர் கடைசியாக எப்போது போட்டார்கள் என்று அவர்களுக்கே ஞாபகம் இல்லை.

கால்நடை மருத்துவர் அல்லாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். முயல் பண்ணை வைத்திருப்பவர், பாம்பு பிடிப்பவர், இருபது வருஷமாக மாடு மேய்ப்பவர், நாய்களுக்குக் குளிப்பாட்டி முடி வெட்டுகிறவர். உங்களுக்கும் வழி உண்டு, விலங்கு நல அமைப்பின் பிரதிநிதியாக. எங்கள் குழுவில் அதிகம் உபயோகமான ஆள் யார் என்று என்னைக் கேட்டால், நாய் பிடிக்கும் வேலையில் இருபது வருஷம் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர்தான். வலையை எந்தப் பக்கம் வீசினால் கால் முறியும் என்று மேசை மேல் கர்ச்சீப்பை விரித்துக் காட்டினார். ஆணையர் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் குனிந்து பார்த்தார்.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். அவளுக்கு ஒன்றரை வயதுக் குழந்தை. க்ளினிக்கில் தனி ஆள். ராத்திரி லாரிக்கு ஓட முடியாது. மாதம் ஒரு சனிக்கிழமை முடியும். ஒப்பந்தம் எதிலும் இல்லை. அறுவையில் கை நல்ல கை, நானே பார்த்திருக்கிறேன். எஸ்.பி.சி.ஏ.வுக்கு இரண்டு வருஷம் கழித்து வருகிறேன் என்று மரியாதையாக எழுதிவிடு, நகராட்சிக்குப் போ என்றேன். போன உடனே பேசாதே, முதலில் டிரம் எங்கே இருக்கிறது என்று கேள் என்றும் சொன்னேன்.

நேற்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. “மேடம், தாள் வந்துருச்சு. டிரம் எங்க இருக்குன்னு கேட்டேன். ‘எந்த டிரம்?’னு கேக்குறாங்க.”

வருகிற சனிக்கிழமை போகிறாள். இரண்டு ஜோடி கையுறையும் ஒரு பென்சிலும் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.